எஞ்சினில் எல்லாவற்றையும் மாற்றுவது வேலை ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாத்தா ஓட்டிய புல்லட்டையோ யெஸ்டியையோ பேரன் புதுப்பித்து ஓட்டுகிற செய்திகள் உங்கள் நாளிதழில் அடிக்கடி வருகின்றன. பெயின்ட், குரோம், சீட் பற்றியெல்லாம் விவரமாக எழுதுகிறார்கள். எஞ்சின் என்று வந்தால் மட்டும் 'உள்ளே முழுக்கப் புதுசு' என்ற ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அதைப் படித்துவிட்டு, 'எல்லாத்தையும் மாத்திடுங்க, காசு பத்திக் கவலையில்ல' என்று பட்டறைக்கு வருகிறவர்கள் கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் பெருகிவிட்டார்கள். விளைவு, நாற்பது வருடம் உழைத்தும் தேயாத நல்ல இரும்பு காயலான் கடைக்குப் போகிறது. அதன் இடத்தில் பெட்டி மட்டும் அழகாக இருக்கும் மட்டமான சாமான் வந்து உட்காருகிறது. கட்டாயம் மாற்ற வேண்டிய சின்னச் சாமான்களோ பழையபடியே உள்ளே போகின்றன. எதை மாற்றுவது, எதை விடுவது என்பதை அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெல்டாவில் அதிகம் கிடைப்பது வார்ப்பிரும்பு சிலிண்டர் புல்லட் 350 என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். சிலிண்டரின் உள் விட்டம் (போர்) 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் (ஸ்ட்ரோக்) 90 மி.மீ., 346 சி.சி. கியர் பாக்ஸ் தனியாக இருக்கும், இரண்டும் ஒரே கூடாக வரும் யூ.சி.இ. எஞ்சினுக்கு முந்தைய வண்டி.

எஞ்சினைப் பிரிப்பதற்கு முன்பே பாதி முடிவு எடுத்துவிடலாம். புகை வந்தாலே போர் போட வேண்டும், அதாவது சிலிண்டரைப் பெரிதாகக் கடைந்து பெரிய பிஸ்டன் போட வேண்டும் என்று நினைக்கிறார்கள். எப்போது வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பல வாரம் நின்ற வண்டியைக் கிளப்பியதும் இரண்டு மூன்று நிமிடம் நீலமாகக் கக்கிவிட்டு நின்றுவிட்டால் போருக்கும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குக்கும் சம்பந்தமே இல்லை. எண்ணெய் பம்ப் டிஸ்க் சரியாக உட்காராமல், எண்ணெய் டேங்கில் இருக்க வேண்டியது கிராங்க் அறைக்குள் இறங்கியிருக்கிறது. பம்ப் டிஸ்க்கை அதன் இருக்கையோடு நைஸான பேஸ்ட் வைத்துத் தேய்த்து உட்கார வைத்தால் போதும். ஆக்ஸிலரேட்டரை மூடிச் சிறிது தூரம் ஓட விட்டு மறுபடி திறக்கும்போது புகை வந்தால் வால்வுத் தண்டு ஓடும் குழலான வால்வு கைடைச் சந்தேகப்படலாம். இதைப் பார்க்க இறக்கம் வேண்டும், நம் ஊரில் இறக்கத்துக்கு எங்கே போவது? ஏதாவது ஒரு மேம்பாலத்தில் ஏறி இறங்கினால் தெரிந்துவிடும். ஆள் ஏற்றிக்கொண்டு இழுக்கும்போது விடாமல் புகை வந்து, எண்ணெய் மட்டமும் குறைந்துகொண்டே போனால்தான் போர், ரிங் பக்கம் போக வேண்டும்.

சிலிண்டரை அளக்க போர் கேஜ் இருந்தால் நல்லது. மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில், முன்பின்னாக ஒரு முறை, இடவலமாக ஒரு முறை, ஆக மொத்தம் ஆறு அளவு. மேல் ரிங் போய்த் திரும்பும் இடத்தில் முன்பின்னாகத்தான் தேய்மானம் அதிகம் இருக்கும். கேஜ் இல்லாவிட்டாலும் வழி உண்டு. ஒரு ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்து மட்டமாகத் தள்ளி, ரிங் வாயின் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். முதலில் ரிங் ஓடாத அடிப்பகுதியில், பிறகு மேலே தேய்ந்த இடத்தில். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் வருவதுதான் விட்டத்தில் தேய்மானம். கீழே 0.35, மேலே 0.80 என்றால் வித்தியாசம் 0.45. தேய்மானம் ஏறத்தாழ 0.14 மி.மீ., பட்டறைக் கணக்கில் ஐந்தரை தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இந்த அளவில் கோடு, கீறல் எதுவும் இல்லையென்றால் போர் போடத் தேவையில்லை. உள்சுவரை லேசாகத் தேய்த்து (ஹோன் செய்து) புது ரிங் போட்டால் இன்னும் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடும். 8 தௌ தாண்டிவிட்டால் தயங்காமல் போர் போட்டுவிடலாம்.

ரிங் மட்டும் மாற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. பழைய ரிங் ஏறாத உச்சியில் சிலிண்டர் தேயாமல் ஒரு விளிம்பு நிற்கும். நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படும். பழைய ரிங்கின் ஓரம் தேய்ந்து வளைந்திருப்பதால் அதில் இடிக்காது. புது ரிங்கின் ஓரம் கூராக இருக்கும், நேராகப் போய் இடிக்கும். நூறு கிலோமீட்டருக்குள் மேல் ரிங் உடைந்து, துண்டு சிலிண்டரைக் கிழித்துவிடும். 'ரிங் கம்பெனி சரியில்லை' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிற கேஸ்களில் பல இதுதான். விளிம்பை எடுத்த பிறகுதான் ரிங் போட வேண்டும்.

போர் என்று முடிவானால், பிஸ்டனை முதலில் வாங்கி லேத்காரர் கையில் கொடுங்கள். 20 தௌ கூடுதல் (ஓவர்சைஸ்) என்று பெட்டியில் அச்சடித்திருப்பதை நம்பிப் போர் போடச் சொல்லக்கூடாது. பிஸ்டன் பாவாடையின் கீழ்ப்பகுதியில், பிஸ்டன் பின்னுக்குக் குறுக்காக மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கு ஏற்ற இடைவெளி விட்டுப் போர் போட வேண்டும். டெல்டாவுக்கே உரிய ஒரு தொல்லை இங்கே இருக்கிறது. நம் பக்கத்து லேத் பட்டறைகளில் பல, டீசல் பம்ப் செட்டை நம்பி வளர்ந்தவை. தண்ணீர் சுற்றிக் குளிரும் எஞ்சினில் கை பழகியவர்கள், அதே இறுக்கத்தைப் புல்லட்டுக்கும் வைத்துவிடுகிறார்கள். புல்லட்டுக்குக் காற்றை விட்டால் வேறு வழியில்லை. அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும். 70 மி.மீ. அளவுக்கு, 100 டிகிரி சூடு ஏறினால் பிஸ்டன் சுமார் 0.16 மி.மீ. பெருக்கும், சிலிண்டர் 0.08 மி.மீ.தான் பெருக்கும். மிச்சம் 0.08, அதாவது 3 தௌவுக்கு மேல், இடைவெளியிலிருந்துதான் வர வேண்டும். 2 தௌ விட்டுப் போர் போட்டால் தஞ்சாவூர் பைபாஸில் ஒரே மூச்சாக 70-ல் போகும்போது பிஸ்டன் பிடித்துவிடும். பிஸ்டனோடு வரும் தாளில் இடைவெளி போட்டிருந்தால் அதுதான் கணக்கு. தாள் இல்லாவிட்டால் 4 தௌவை ஒட்டி வைப்பது நல்லது. கொஞ்சம் சத்தம் வந்தாலும் எஞ்சின் பிழைக்கும். ரிங் வாயின் இடைவெளியைப் புது ரிங்கானாலும் உள்ளே விட்டுப் பாருங்கள். இந்த அளவுப் போருக்கு 11 தௌவுக்குக் குறையக்கூடாது. குறைந்தால் மெல்லிய அரத்தில் வாயைத் தேய்த்துச் சரிசெய்யலாம்.

மேலே எவ்வளவு செலவழித்தாலும் கீழே கிராங்க் சரியில்லை என்றால் வீண். ஆனால் நல்ல பிக் எண்டை, அதாவது கனெக்டிங் ராடின் கீழ்முனை கிராங்கோடு சேரும் மூட்டை, பிரித்துக் கெடுப்பதும் இங்கேதான் அதிகம் நடக்கிறது. கனெக்டிங் ராடின் மேல் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டி, 'பாருங்க சார், எவ்வளவு ஆடுது' என்று காட்டுவார்கள். பக்கவாட்டு ஆட்டம் புதிதிலேயே இருக்கும், இருக்கவும் வேண்டும். பார்க்க வேண்டியது மேலும் கீழுமான ஆட்டம். மண்ணெண்ணெயில் கழுவிக் காய வைத்து, பிஸ்டன் உச்சியில் இருக்கும் நிலையில் கிராங்கை நிறுத்தி, ராடை நேராக மேலே இழுத்து, கீழே அழுத்திப் பாருங்கள். ரோலர் பிக் எண்டாக இருந்தால் எதுவும் தெரியக்கூடாது. பழைய மிதக்கும் புஷ் வகையில், உள்ளும் புறமும் இரண்டு எண்ணெய்ப் படலத்துக்கு இடம் விட்டிருப்பதால், காய்ந்த நிலையில் மெல்லிய அசைவு கைக்குத் தட்டுப்படும். அது தேய்மானம் இல்லை. 'டக்' என்று சத்தமே கேட்டாலோ, பழைய எண்ணெயில் மினுமினுப்பான துணுக்குகள் இருந்தாலோ பிரிக்கத்தான் வேண்டும். பிரித்தால் பின், புஷ் எல்லாம் செட்டாக மாற்ற வேண்டும். சேர்த்த பிறகு கிராங்கை இரண்டு சென்டருக்கு நடுவில் வைத்து டயல் கேஜில் ஓட்டிப் பார்த்து, இரண்டு பக்க ஷாஃப்டும் 2 தௌவுக்குள் வருகிற வரை தட்டிச் சரிசெய்ய வேண்டும். டயல் கேஜ் இல்லாமல் கண்ணால் பார்த்துக் கிராங்க் சேர்க்கிற பட்டறையில் ஆட்டம் இருக்கும் பிக் எண்டையே விட்டுவைப்பது மேல்.

ராடு வளையாமல், முறுக்காமல் இருந்தால் பழைய ராடே போதும். ராடின் மேல் நுனியில் உள்ள சின்ன புஷ் மட்டும் புதிதாக அடித்து, எண்ணெய்த் துளை நேராக வருகிறதா என்று பார்த்து, பிஸ்டன் பின் கட்டை விரல் அழுத்தத்தில் வழுக்கிப் போகிற அளவுக்கு ரீமர் போட்டால் வேலை முடிந்தது.

பிக் எண்ட் ஏன் போனது என்று கேட்காமல் புது பிக் எண்ட் போட்டால் அதுவும் போகும். டைமிங் கவரின் உட்பக்கம், கிராங்க் நுனிக்கு எண்ணெய் தரும் இடத்தில் ஒரு சின்ன சீல் உண்டு. பழைய வண்டிகளில் கார்க்கில் இருக்கும். அது சுருங்கிவிட்டால் பம்ப் அனுப்பும் எண்ணெய் பிக் எண்டுக்குப் போகாமல் டைமிங் அறைக்குள்ளேயே கொட்டிவிடும். வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாது. விலை சொல்லவே கூசும் அளவு மலிவான சாமான், எஞ்சினையே தின்றுவிடும். கவரைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் இதைப் புதிதாகப் போட வேண்டும். கம்பளி ஃபில்டரும் அப்படித்தான், கழுவிப் போடுகிற பொருள் அல்ல. நெடுநாள் நின்ற வண்டியானால் கிராங்க் பின்னுக்குள் இருக்கும் எண்ணெய் வழியில் தார் போல உறைந்திருக்கும். கம்பி விட்டுக் குடைந்து, காற்று அடித்து, ஊசியில் எண்ணெய் செலுத்தி மறுபக்கம் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும். பம்பை ஓட்டும் வார்ம் நட்டுக்கு இடது மரை. பழக்கதோஷத்தில் வழக்கமான பக்கம் திருப்பி, ஸ்பேனரில் பைப்பை மாட்டி இழுத்து, கிராங்க் நுனியையே உடைத்த கதைகள் எல்லாப் பட்டறையிலும் உண்டு.

மெயின் பேரிங்குகள் விஷயத்தில் வண்டி எந்த ஊரில் நின்றது என்று முதலில் கேளுங்கள். தஞ்சாவூர், திருவையாறு பக்கம் வீட்டுக்குள் நின்ற வண்டியின் பேரிங் கழுவிக் காய வைத்துக் கையால் சுழற்றும்போது நெருடல் இல்லாமல், தடத்தில் புள்ளி விழாமல் இருந்தால் அதையே போடலாம். பெயர் பெற்ற கம்பெனியின் பழைய பேரிங், பெயர் தெரியாத புதுப் பேரிங்கை விட நீடிக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து வண்டிகளின் கதை வேறு. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரையைக் கடந்தபோது உப்புத் தண்ணீரும் சேறும் ஏறிய வண்டிகள் இன்னும் கொட்டகைகளிலிருந்து வெளியே வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் பேரிங் கைக்கு நைஸாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். உப்பு தின்ற இடம் கண்ணுக்குத் தெரியாத குழியாகத் தொடங்கி, ஓட ஓட உரியும். பழைய வளையத்தில் எண்ணுக்குப் பின்னால் சி3 என்று பொறித்திருந்தால் அதே சி3 கேட்டு வாங்க வேண்டும். எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸில் இறுக்கமாக உட்காரும்போது உள் இடைவெளி குறையும், அதற்காகத்தான் அந்தக் கூடுதல் இடைவெளி. கேஸை 100 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் பேரிங் தானாக விழும். சுத்தியல் வேண்டாம். கேஸில் பேரிங் லூஸாக இருந்தால் சுற்றிலும் பஞ்ச் அடித்து இறுக்குவது நம் ஊர் வழக்கம், அது ஒரு மழைக்காலம் தாங்கினால் பெரிது. லேசான லூஸுக்கு பேரிங் ஒட்டும் லாக்டைட், அதிகமானால் கேஸைக் கடைந்து புஷ் போடுவது, இரண்டில் ஒன்று.

ஹெட்டில் வால்வை 10 மி.மீ. தூக்கிப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். எக்ஸாஸ்ட் கைடுதான் முதலில் தேயும். ஆடினால் உடனே கைடு என்று சொல்லாமல், வால்வுத் தண்டைத் தேயாத இடத்திலும் தேய்ந்த இடத்திலும் அளந்தால், தேய்ந்தது வால்வா கைடா என்று தெரியும். வால்வை மட்டும் மாற்றிச் சரியாகிற ஹெட்டுகள் நிறைய உண்டு. கைடு மாற்றினால் ஹெட்டைச் சூடாக்கித்தான் எடுக்க வேண்டும், பிறகு வால்வு உட்காரும் சீட்டைக் கட்டாயம் மறுபடி வெட்ட வேண்டும். புதுக் கைடின் நடுக்கோடு பழைய சீட்டின் நடுக்கோட்டில் விழாது. வெறும் கிரைண்டிங் பேஸ்ட் வைத்து உருட்டினால் அது சரியாகாது. முடித்த பிறகு போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். வால்வு ஓரம் ஈரம் கசியக் கூடாது. கிக் அடிக்கும்போது அழுத்தத்தை வெளியே விடும் டிகம்ப்ரெஸர் வால்வையும் இதே சோதனையில் பாருங்கள். கம்ப்ரெஷன் இல்லை என்று போர் வரை போனவர்கள் பலருக்குக் கசிந்தது இந்தக் குட்டி வால்வுதான்.

வால்வைத் திறந்து மூட வைக்கும் கேம், டேப்பட், டைமிங் பல் சக்கரங்கள், ராக்கர்: காரணம் இல்லாமல் கை வைக்கக்கூடாத சாமான்கள் இவை. பழையவற்றின் கடினம் இன்றைய டூப்ளிகேட்டில் இல்லை. சந்தேகமிருந்தால் புது டேப்பட்டின் ஓரத்தில் அரத்தை ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். நல்ல சாமானில் அரம் வழுக்கும், மட்டமானதில் கடிக்கும். கேமின் முகட்டில் குழியோ, செதில் உரிந்த தடமோ இருந்தால் கேமையும் அதன் டேப்பட்டையும் ஜோடியாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதைத் தின்னும். ராக்கரின் இரண்டு துண்டு பேரிங்குகளை எடுக்கும்போதே குறி வைத்துக்கொள்ள வேண்டும், ஒன்றுக்கொன்று மாறினால் ராக்கர் பிடிக்கும். டேப்பட்டைச் சரிசெய்து வைப்பது எஞ்சின் ஆறிய பிறகு, கம்ப்ரெஷன் உச்சியில். புஷ் ராடு விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. வேறு வண்டிக்குச் சொல்கிற தௌக் கணக்கை இதற்கு வைத்துவிட்டு, வருகிற சத்தத்துக்குக் கேமைக் குறை சொல்கிறார்கள்.

கிராங்க் கேஸை மாற்றச் சொல்கிறவரிடம் வண்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் எஞ்சின் நம்பர் அதில்தான் பொறித்திருக்கிறது. கேஸ் மாறினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிய வேண்டும், அலைச்சல் தனி. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் வாகன விதியும் இருக்கிறது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டியை அந்த வகையில் பதியலாம், ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சின் மூல வடிவத்தில் இருக்க வேண்டும். அந்த வகையில் புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பிறகு மறுபதிவுக்கு 5,000 ரூபாய். எழுபதுகளின் புல்லட்டுகள் ஒவ்வொன்றாக இந்தத் தகுதிக்கு வந்துகொண்டிருக்கும்போது, அசல் கேஸை எடைக்குப் போடுவதை என்னவென்று சொல்வது?

டூ ஸ்ட்ரோக்கில் கணக்கே வேறு. யெஸ்டி, ஆர்.எக்ஸ். 100 வண்டிகளில் கிராங்க் சீல்தான் முதல் எதிரி. பெட்ரோல் கலவை கிராங்க் அறை வழியாகப் போவதால், மேக்னெட் பக்கச் சீல் காற்று இழுத்தால் கலவை மெலிந்து, ஐடிலிங் தானாக ஏறி, பிளக் வெள்ளையாகி, பிஸ்டன் பிடிக்கும். கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயில் உள்ளே உறிஞ்சப்பட்டு வெள்ளைப் புகையாக வெளியே வரும், கியர் பாக்ஸில் மட்டம் குறையும். சீலைப் பார்க்காமல் போர் போட்டுக்கொண்டே போனால் மூன்றாவது ஓவர்சைஸ் வரை சீக்கிரம் போய்விடலாம்.

எந்த வண்டியானாலும் அளக்காமலே மாற்ற வேண்டியவை: பேக்கிங்குகள், ஆயில் சீல்கள், பிஸ்டன் பின் சர்க்ளிப்புகள், லாக் வாஷர்கள், பெட்ரோல் வழியில் உள்ள ரப்பர்கள். பழைய ரப்பருக்கு எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் ஒத்துக்கொள்ளாது, ஊதிவிடும். செப்பு வாஷரை மட்டும் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு மறுபடி பயன்படுத்தலாம். கூடவே ஏர் ஃபில்டர். அதைக் கழற்றிவிட்டு வெறும் குழாயோடு ஓட்டுவது இப்போது ஸ்டைல். குறுவை, தாளடி அறுவடைக் காலத்தில் நெல் காயப் போட்ட சாலைகளில் அப்படி ஓட்டினால் உமித் தூசி நேராகப் போருக்குள் போகும். உமியில் சிலிக்கா இருக்கிறது, அரப்பொடிதான் அது. மேலே சொன்ன 8 தௌவை ஒரே சீசனில் எட்டிவிடலாம்.

வண்டி உரிமையாளர்கள் பட்டறையில் இரண்டு விஷயம் கேட்டு வாங்கலாம். போர், பிஸ்டன், ரிங் இடைவெளி, வால்வுத் தண்டு, கிராங்க் ஓட்டம் ஆகியவற்றின் அளவுகளை எழுதிய ஒரு தாள், கழற்றிய பழைய சாமான் அத்தனையும் போட்ட ஒரு பை. தாள் தர மறுக்கிறவர் அளக்கவில்லை என்று அர்த்தம். போர் கேஜ் பிடிப்பது அரசு ஐ.டி.ஐ. மோட்டார் மெக்கானிக் பாடத்திலேயே இருக்கிறது. டெல்டா மாவட்ட ஐ.டி.ஐ.கள் மாதம் ஒரு சனிக்கிழமை, பட்டறைக்காரர்கள் சிலிண்டரைக் கொண்டுவந்து அளந்து போக இடம் கொடுத்தால் செலவும் பெரிதாக ஆகாது, மாணவர்களுக்கும் கை பழகும். புதுப்பித்த வண்டி பற்றி அடுத்த முறை செய்தி போடும்போது, குரோம் எங்கே பூசினார்கள் என்பதோடு எந்தெந்தச் சாமானை மாற்றாமல் விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்றும் உங்கள் நிருபர் கேட்டு எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய எஞ்சின் வேலை பார்ப்பவர்,
கும்பகோணம்